ஏழரைச் சுற்று

இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் எங்கள் பாடசாலை மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர்தான். ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வடலிக் கூடலும் இருப்பதால் அதற்குமேல் ஓர் அடிகூட விரிக்க இடமில்லை. ஆகவே 1500 மீற்றர் ஓடுகிறவர்கள் ஏழரைச் சுற்று ஓட வேண்டும். "எங்களுக்கு ஏழரை நடக்குது சேர்" என்பது பிள்ளைகளிடையே பல வருடங்களாகக் கைமாறிவரும் பகிடி. புதிதாக ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகூட இரண்டாம் நாளே அதைச் சொல்லப் பழகிவிடும்.

தை மாதத்தில், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு கிழமை இருந்த ஒரு பின்னேரம், பதினாறு வயதுப் பையன் ஒருவன் வெறுங்காலோடு அந்த ஏழரைச் சுற்றையும் ஓடி முடித்துவிட்டு, குனிந்து முழங்கால்களைப் பிடித்தபடி என் கையிலிருந்த நிறுத்தற்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கணித ஆசிரியன். விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின், ஒருகாலத்தில் ஓடியவன் என்ற ஒரே தகுதியினால் கடிகாரமும் விசிலும் என்னிடம் வந்து சேர்ந்தன. பையனின் நேரத்தை நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கையில் அவனுடைய தகப்பனார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அவர் வயலில் வெட்டு மெசின் இறங்கிய நாளாக இருக்க வேண்டும்; தலைமயிரிலும் புருவத்திலும் நெற்சுணை ஒட்டியிருந்தது.

"சேர், ஒரு கதை கதைக்க வேணும்," என்றார். "இவன் ரியூசனுக்குப் போகமாட்டன் எண்டு நிக்கிறான். ஓடித்தான் முன்னுக்கு வரப்போறானாம். நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறனீங்கள்தானே. ஓடிச் சீவிக்கிறதுக்கு எத்தினை பேரில ஒருத்தனுக்கு வாய்க்கும் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

இத்தனை வருடங்களில் எந்தப் பெற்றோரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. "இவன் வருவானோ?" என்று கேட்பார்கள், அதற்கு "வருவான், வருவான்" என்று சொல்லித் தப்பிவிடலாம். எத்தனை பேரில் ஒருவன் என்று கேட்கிறவரிடம் அப்படித் தப்ப முடியாது. "ஒரு கிழமை பொறுங்கோ அண்ணை, பாத்துச் சொல்லுறன்," என்றேன். அந்த ஒரு கிழமையில் நான் போட்டுப் பார்த்த கணக்கே இந்தப் பதிவு.

இப்படியான கணக்கை ஒளிவுமறைவின்றிப் போட்டு மாணவருக்கே காட்டுகிற நாடு அமெரிக்கா. அங்கே உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ 80 இலட்சம் மாணவர் ஏதோவொரு விளையாட்டில் ஈடுபடுகிறார்கள். பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பின் கீழ் ஆடுகிறவர்கள் 5 இலட்சத்துக்குச் சற்று மேல். அதாவது பள்ளியில் ஆடிய நூறு பேரில் ஆறு அல்லது ஏழு பேரே பல்கலைக்கழக அணிக்கு வருகிறார்கள். அங்கிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதை அந்த அமைப்பே சொல்கிறது. ஆண்கள் கூடைப்பந்தாட்டத்தில் அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்குகிறது. எல்லா விளையாட்டையும் சேர்த்த அந்த இரண்டு படிகளையும் பெருக்கினால், பள்ளி மைதானத்தில் நிற்கும் ஏறக்குறைய எழுநூறு பேரில் ஒருவர். கோடிக்கணக்கான டொலர் புழங்குகிற, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அரங்கமும் வைத்தியரும் முழுநேரப் பயிற்றுநரும் இருக்கிற நாட்டில் கிடைக்கும் விடை இது.

அந்த அமெரிக்க முறைக்குள் எங்கள் வடக்கிலிருந்து மிக முன்பே ஒருவர் போயிருக்கிறார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952, 1956 ஒலிம்பிக் போட்டிகளில் உயரம் பாய்தலில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். அந்த விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்த அவர், பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2024இல் காலமாகும்வரை அவரைக் கல்விமானாக அறிந்தவர்களும் ஏராளம். ஆசியாவின் முதல்வராக இருந்தவருக்குக்கூடப் பாய்ச்சல் சம்பளம் தரவில்லை என்பதையும், அந்தப் பாய்ச்சலும் அந்தப் படிப்பும் ஒன்றையொன்று தின்னாமல் ஒரே ஆளிடம் இருந்தன என்பதையும் நான் சேர்த்தே பார்க்கிறேன்.

அமெரிக்காவின் எழுநூறில் ஒருவர் என்ற கணக்கை அப்படியே தூக்கிக் கிளிநொச்சியில் வைக்க முடியாது. அங்கே மேலே ஏறினால் உட்காருவதற்கு நாற்காலிகள் இருக்கின்றன. அவை குறைவு என்பதுதான் சிக்கல். எங்களுக்கு முதலில் எண்ண வேண்டியது நாற்காலிகளையே.

துடுப்பாட்டத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் விளையாடிப் பணம் சம்பாதிக்கலாம் என்று ஒரு தகப்பன் துணிந்து நம்பக்கூடிய ஒரே விளையாட்டு அதுதான். 1982இல் முதல் டெஸ்ட் ஆடியதிலிருந்து இன்றுவரை, நான்கு தசாப்தங்களுக்கு மேலாக, இலங்கைக்காக டெஸ்ட் ஆடியவர்களை எண்ணினால் இருநூறு பேர்கூடத் தேறாது. நாட்டில் இருக்கும் அரச பாடசாலைகளோ பத்தாயிரத்துக்கு மேல். ஐம்பது பாடசாலைக்கு ஒருவர் என்று பங்கு போட்டால்கூட, நாற்பது வருடத்துக்கு ஒருவர் கிடைத்திருப்பார்; பங்கு அப்படிப் போடப்படுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் ஐந்து அணிகள். களமிறங்கும் பதினொருவரில் நால்வர் வரை வெளிநாட்டவர் ஆடலாம் என்பதால், உள்ளூர்க்காரருக்கு நிச்சயமாக உள்ள இடம் அணிக்கு ஏழு, மொத்தம் முப்பத்தைந்து. எங்கள் பாடசாலையின் ஒரு வகுப்பறையில் அவ்வளவு பேரையும் இருத்திவிடலாம். அந்தத் தொடரில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு வருடங்களில் கிண்ணத்தை வென்றது. எங்கள் ஊர்ப் பையன்கள் வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள். கிண்ணத்தில் எங்கள் பெயர் இருந்தது. களத்தில் எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் வெடிச்சத்தம் கொஞ்சம் அடங்கும்.

அடங்கினாலும் ஒரு பெயர் மிஞ்சும். விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020இல் பத்தொன்பதாம் வயதை ஒட்டி அந்தத் தொடரில் யாழ்ப்பாண அணிக்காக ஆடி, 2023இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடி, 2024இல் வனிந்து ஹசரங்கவின் இடத்துக்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் அழைக்கப்பட்டு ஐபிஎல் வரை போனவர். அவரும் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. எதிர்வீரசிங்கத்தையும் வியாஸ்காந்தையும் அறுபது வருட இடைவெளியில் தந்த அந்தக் கல்லூரிக்கு 1816இலிருந்து தொடரும் வரலாறும், பரியோவான் கல்லூரியோடு 1904இலிருந்து ஆடிவரும் 'வடக்கின் பெரும் போர்' என்ற மரபும் இருக்கின்றன. பழைய மாணவர், வலைப்பயிற்சிக் கூடம், தோற்றால் திட்டுவதற்கு ஊர் முழுக்கப் பார்வையாளர் என்று எல்லாம் சேர்ந்தே ஒரு சுழற்பந்து வீச்சாளன் உருவாகிறான். வன்னியின் எந்தப் பாடசாலைக்கும் இடம்பெயராத நூறு வருடம் கிடைக்கவில்லை. இங்கே பெரும்பாலான பையன்கள் ரெனிஸ் பந்தில் ஆடி வளர்கிறார்கள். கடினப்பந்து ஆடும் பாடசாலைகள் மிகச் சில. காலுக்குக் கட்டும் காப்பு, கையுறை, தலைக்கவசம், மட்டை எல்லாவற்றையும் பதினொரு பேருக்கு வாங்குகிற காசில் ஒரு போக விதைப்புக்கு உரம் போட்டுவிடலாம்.

"முரளி வரவில்லையோ?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த முரளிதரனைக் காட்டாத தமிழ்த் தகப்பன் குறைவு. முரளி பிறந்தது கண்டியில், பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில். பந்து வீசப் பழகியது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அவருடைய மணிக்கட்டை எந்தக் காசும் வாங்கித் தரவில்லை என்பது உண்மைதான். அந்த மணிக்கட்டு ஒவ்வொரு பின்னேரமும் நல்ல பந்தைப் பிடிக்கும் வாய்ப்பு இருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

உதைபந்தாட்டம் வன்னியின் உயிர். மன்னார்க் கரையோரக் கிராமங்களில் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பந்தைத்தான் தேடும். அந்த மண்ணிலிருந்து வந்த பியூஸ் டக்சன் புஸ்லாஸ் இலங்கைத் தேசிய அணியில் ஆடி, மாலைதீவுக் கழகமொன்றில் பணம் பெற்று ஆடும் அளவுக்கு உயர்ந்தார். 2022இல், இன்னும் ஆட வேண்டிய வயதில், அங்கேயே காலமானார். எங்கள் பக்கத்தில் 'தொழில்முறை ஆட்டக்காரன்' என்ற சொல்லுக்கு நான் சந்தேகமின்றிக் காட்டக்கூடிய மனிதர் அவரே. நாட்டுக்குள்ளேயே சம்பளத்துக்கு ஆடும் வழி பிறக்கும் என்று 2021இல் சுப்பர் லீக் தொடங்கியபோது நம்பினோம். பத்துக் கழகங்களோடு ஒரு பருவம் நடந்தது, அவ்வளவுதான். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீபா இலங்கையையே இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. மேலே இருக்கிறவர்கள் கதிரைக்குச் சண்டை பிடித்தால், மன்னாரின் பனங்கட்டிக்கொட்டுக் கிராமத்தில் காலடியில் பந்தோடு நிற்கிற பையனின் சாத்தியம் அந்த ஏழு மாதத்துக்குப் பூச்சியம். இதை எந்தப் பெருக்கலிலும் நான் காட்ட முடியாது.

மெய்வல்லுநர்ப் போட்டிகளுக்கு வருவோம். தகப்பனாரின் கேள்வி அதைப் பற்றியதுதானே. ஒலிம்பிக் வரலாற்றில் இலங்கைக்குக் கிடைத்த பதக்கங்கள் இரண்டு. 1948இல் டங்கன் வைட், 2000இல் சுசந்திகா ஜயசிங்க, இருவரும் ஓடியே வென்றவர்கள். ஓடுவது எங்களுக்கு வராத வித்தை அல்ல. ஆனால் ஓடுகிறவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் தருகிற கழகம் இந்த நாட்டில் இல்லை. தேசிய மட்டத்தில் தொடர்ந்து ஓடுகிறவர்களில் பெரும் பகுதியினர் முப்படைகளிலோ பொலிஸிலோ பதவி பெற்று அந்தச் சீருடையோடு ஓடுகிறார்கள். எஞ்சியோரிற் சிலர் வங்கிகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்துகொண்டு ஓடுகிறார்கள். தேசிய விளையாட்டாகிய கரப்பந்தாட்டத்திலும் நிலைமை ஏறத்தாழ அதுவே. இந்த நாட்டில் விளையாட்டுத் தொழில் என்பது பெரும்பாலும் ஒரு சீருடைக்குள் இருக்கிற தொழில். அந்தக் கதவை எங்கள் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் தங்களுக்குரிய கதவாக நினைப்பதில்லை. ஏனென்று வன்னி வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே நாற்காலிகளைப் பற்றிய கணக்கு விரைவாக முடிந்துவிட்டது. கீழேயிருந்து வரும் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு நித்திரை கெட்டது.

2012 தொகைமதிப்பின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் சேர்ந்து ஏறத்தாழ 4 இலட்சத்து 75 ஆயிரம் பேர். இவ்வளவு பேருக்குள் திறமை இல்லாமல் போகாது. பாடசாலையில் இல்லப் போட்டி, பிறகு கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று படிகள் போகின்றன. ஒவ்வொரு படியிலும் தோற்று வெளியேறும் பிள்ளைகளை நான் எண்ணவில்லை. அது விளையாட்டின் நியதி. வென்றபிறகும் அடுத்த படிக்கு வராமல் போன பிள்ளைகளை என் பழைய கொப்பிகளில் தேடினேன். பஸ் காசுக்காகப் போகாதவன் ஒருவன். மாகாணப் போட்டி நாளில் வீட்டில் நெல் காயப்போட்டிருந்ததால், மழை இருட்டிக்கொண்டு வர, வீதியோரம் நெல்லை அள்ளிக் கட்ட நின்றவன் ஒருவன். சாதாரண தரப் பரீட்சை வருகிறதென்று வீட்டார் மறித்த பிள்ளைகள் நால்வர். தகப்பன் இல்லாத வீட்டில் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனவன் ஒருவன். அவன் ஈட்டி எறிந்த தூரம் இன்னும் எங்கள் பாடசாலைச் சாதனையாகச் சுவரில் இருக்கிறது. இவர்களில் ஒருவரையும் வேறொரு போட்டியாளர் வெல்லவில்லை.

பெண்பிள்ளைகளின் பக்கம் இன்னும் விரைவாக வெறுமையாகிறது. பதினான்கு வயதுப் பிரிவில் எங்கள் வலைப்பந்தாட்ட அணிக்கு இருபது பேர் வந்து நிற்பார்கள். பதினெட்டு வயதுப் பிரிவில் ஏழு பேரைச் சேர்ப்பதற்கு நான் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். பின்னேரம் பயிற்சி முடிய இருட்டிவிடுகிறது, கட்டைக் காற்சட்டை போட வேண்டியிருக்கிறது, சம்பந்தம் பேசுகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று காரணங்கள் வரிசையாக வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை அணியின் கோல்களைக் குவித்து ஆசியக் கிண்ணம் வரை கொண்டுபோன தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை நான் கைப்பேசியில் காட்டுவேன். "அந்தப் பிள்ளை நல்ல உயரம் சேர்" என்று தாய்மார் சொல்வார்கள். அதற்குமேல் பேச்சு நகராது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லையெனில் இது ஒரு பார்வையாளனின் கணக்காகிவிடும். ஏ-9 வீதி திறந்திருந்த அந்தச் சமாதான காலத்தில், 2005இல், நான் 1500 மீற்றரில் வலயத்தில் வென்று அன்றைய வடக்கு கிழக்கு மாகாணப் போட்டிக்குப் போனேன். வன்னியை விட்டு நான் வெளியே போன முதற் பயணம் அது. 400 மீற்றர்ச் சுற்றுள்ள மைதானத்தை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஏழரைச் சுற்றில் பழகிய காலுக்கு மூன்றே முக்கால் சுற்று எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வளைவுகள் அடிக்கடி வரும். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் கொஞ்சம் அடக்கி, நேர்ப்பாதையில் வேகத்தைக் கூட்டி ஓடுவதே எனக்குத் தெரிந்த முறை. அங்கே நேர்ப்பாதை முடிவில்லாமல் நீண்டது. முதற் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது, இன்னும் பாதித் தூரம் கிடக்கிறது என்பதுபோல் உடம்பு நின்றது. நான்காவதாக வந்தேன். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பயிற்றுநர் முதுகில் தட்டினார். அடுத்த வருடம், 2006 ஓகஸ்டில், வீதி மூடப்பட்டது. அதற்குப் பிறகு நாங்கள் ஓடியது வேறு ஓட்டம்.

நான் தொழில்முறை ஓட்டக்காரனாக வந்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. நான்காவதாக வந்தவன் நான்காவதாக வந்தவன்தான். சரியான மைதானத்தில் ஓடியிருந்தாலும் ஒருவேளை மூன்றாவதாக வந்து அங்கேயே நின்றிருப்பேன்.

இன்னொரு விஷயம் கணக்கில் அடிக்கடி தவறிவிடுகிறது. பதினான்கு வயதில் வெல்கிறவன் பெரும்பாலும் முந்தி வளர்ந்தவன். வயதுப் பிரிவுகளை ஆண்டுக் கணக்கில் பிரிப்பதால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது ஒரு சாண் உயரம், மீசை அரும்பியதற்கும் அரும்பாததற்கும் உள்ள வித்தியாசம். கனடாவின் பனி ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே கவனித்திருக்கிறார்கள். எங்கள் பாடசாலையிலும் பதினான்கில் கிண்ணங்களை அள்ளியவர்கள் பதினெட்டில் பின்தங்கிப்போக, அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத சின்னப் பையன் முன்னால் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பதினான்கு வயதுச் சான்றிதழை வைத்து வாழ்க்கையைத் தீர்மானிப்பதும், அதே வயதில் தோற்றான் என்று விளையாட்டை நிறுத்துவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம்.

விளையாட்டுக்கு விளையாட்டு கதவின் அகலமும் வேறுபடும். 100 மீற்றருக்கு நாடு முழுவதும் பிள்ளைகள் நிற்கிறார்கள். கோலூன்றிப் பாய்தலுக்குக் கோலும் மெத்தையும் பழக்கத் தெரிந்தவரும் உள்ள பாடசாலைகள் சொற்பம். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரனும் சாவகச்சேரி இந்துக் கல்லூரியின் அருந்தவராசா புவிதரனும் அந்தப் போட்டியில்தான் தேசிய சாதனைகளை எழுதினார்கள். தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்து, யாரும் அதிகம் கால் வைக்காத போட்டியைப் பிடித்தால், வடக்கிலிருந்தும் நாட்டின் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் உச்சிக்குப் போவது வேறு, அங்கே அடுப்பு எரிவது வேறு.

இதையெல்லாம் சொல்லும்போது, பிள்ளைகளை மைதானத்திலிருந்து கலைக்கப் பார்க்கிறேன் என்று சிலர் கோபிக்கக்கூடும். எனக்குக் கோபம் வேறு இடத்தில். எங்கள் கிராமத்துக்கே ஒருமுறை ஒருவர் வந்து, வெளிநாட்டுக் கழகமொன்றில் தேர்வுக்கு அனுப்புகிறேன் என்று இரண்டு குடும்பங்களிடம் காசு வாங்கிக்கொண்டு போனார். கழகமும் வரவில்லை, காசும் வரவில்லை. அந்தப் பெற்றோருக்கு யாராவது முன்னரே இந்த எண்களைச் சொல்லியிருந்தால் தோடு இன்னும் காதில் இருந்திருக்கும். சம்பளம் இல்லாமலே ஓடுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முள்ளியவளையின் அகிலத்திருநாயகி அம்மா, எழுபது வயது கடந்தபின், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் தங்கம் வென்று வந்தபோது, அவரிடம் எத்தனை பேரில் ஒருவர் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ரியூசனோடு ஒப்பிடாமல் கணக்கு முடியாது. உயர்தரத்தில் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளுக்கான இடங்களில் 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், மேலும் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. தேசிய, சர்வதேச மட்டங்களில் விளையாடியவர்களுக்கென்று அனுமதியில் தனி ஏற்பாடு உண்டு, ஆனால் அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி வேண்டும். விளையாட்டையே பட்டமாகப் படிக்கலாம். சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியும், சிறீ ஜயவர்த்தனபுரவில் விளையாட்டு விஞ்ஞானமும் இருக்கின்றன. உடற்கல்வி ஆசிரியர், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர், பயிற்றுநர் என்று ஓட்டத்தை ஒட்டிய வேலைகளும் உள்ளன. அவற்றில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதற் பக்கத்தில் பரீட்சைப் பெறுபேறுதான் கேட்பார்கள், சான்றிதழ்க் கோவை இரண்டாம் பக்கம். எழுநூறில் ஒன்றைக்கூட எட்டாத வாசலுக்காக நாலில் ஒன்றாக இருக்கும் வாசலை மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வாசலுக்கும் போகும் பாதை பத்தொன்பது வயது வரை ஒன்றாகவே போகிறது என்பதை நான் தெரிந்துகொண்டதும் இந்தக் கிழமையில்தான்.

ஒரு கிழமை கழித்துத் தகப்பனார் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அமெரிக்காவைச் சொன்னபோது தலையாட்டினார். பீபாவைச் சொன்னபோது சிரித்தார். நெல் அள்ளிக் கட்ட நின்ற பையனைச் சொன்னபோது பேசாமல் மண்ணைப் பார்த்தார். "அப்ப, ஓடிச் சீவிக்கிறதெண்டால் இல்லையெண்டே வைப்பம்," என்றார் கடைசியில்.

"அப்பிடித்தான் வைக்க வேணும் அண்ணை."

"ரியூசன் சனி காலமையும் இருக்காம். பின்னேரத்தை உங்களுக்கு விடுறன்." கொஞ்சம் நின்று, "அந்தப் பெரிய கிறவுண்டில ஓடிப் பழகாததாலதான் நீங்கள் தோத்தனீங்களோ?" என்று கேட்டார். அதைப் பற்றி நான் இரண்டு வசனந்தான் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் விட்டு அதைப் பிடித்துக்கொண்டார்.

"அதுவும் ஒரு காரணம்."

"எங்கட வயலுக்குப் பின்னால தரவை கிடக்கு. மாடு மேயுறதுதான். அளந்து பாப்பமே?"

முறையான 400 மீற்றர்ச் சுற்றுக்கு நேர்ப்பாதைகள் ஒவ்வொன்றும் 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.50 மீற்றர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மூவரும் நைலோன் கயிறோடு தரவைக்குப் போனோம். ஒரு முனையில் தகப்பனார் மண்வெட்டிப் பிடியை அடித்துப் பிடித்துக்கொள்ள, மறுமுனையைப் பையன் இழுத்து வளைந்து நடக்க, நான் பின்னால் உமிச்சாம்பல் தூவிக்கொண்டு போனேன். வகுப்பில் அரைவட்டத்தின் சுற்றளவைப் பத்து வருடமாகப் படிப்பிக்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது. கிழக்கு வளைவில் ஒரு புற்று குறுக்கிட்டதால் அங்கே கோடு சற்றுக் கோணலாகப் போயிற்று. நடுவில் நின்ற பசு எழுந்து வேறு பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

பையன் கோட்டில் வந்து நின்று, வளைவு முழுவதையும் ஒருமுறை கண்ணால் சுற்றிப் பார்த்தான்.

"எத்தினை சுற்று சேர்?"

"மூண்டேமுக்கால். முதல் சுற்றில முந்தாத."

விசிலை ஊதினேன். முந்திக்கொண்டுதான் ஓடினான்.